முப்பது பவுண்டு

பெத்தல் டவுனிலிருந்து எங்கள் ஊருக்குச் சின்ன விமானத்தில் இருபத்தைந்து நிமிடம். சாலை கிடையாது. ஆறு பாதி உறைந்து கிடந்ததால் படகும் போகாது, பனிவண்டியும் போகாது. என் கணவர் எவான் பெத்தல் ஆஸ்பத்திரியில் இறந்து, சவப்பெட்டிக்குள் இருந்தார். ஊரில் அவர் தம்பி நிக் குழி தோண்டி முடித்துவிட்டான். பாதிரியாருக்கு அடுத்த ஊரிலும் ஒரு சாவு. இருட்டுவதற்குள் அடக்கம் நடந்தாக வேண்டும், அதற்கு நான் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. அழுகையும் வரவில்லை.

விமானக் கவுன்ட்டரில் என் சித்தி மகன் மாக்சி. சின்ன விமானத்துக்கு ஆள் எடையும் கணக்கு. "எடை எவ்வளவுக்கா?"

"நூத்தி நாப்பது." கல்யாணமான வருஷத்திலிருந்து அதையேதான் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்களில் ஒருத்தியும் அந்தக் கேள்விக்கு உண்மை சொன்னதில்லை. மாக்சியும் எழுதிக்கொண்டான்.

விமானி கானர் வெளியூர்க்காரன். வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "மூடுபனி வரும்போல இருக்கு. இறங்க முடியலன்னா திரும்பணும், பெட்ரோல் கூடுதலா வேணும், எடை மீறக் கூடாது. தராசுல ஏறுங்க மேடம்."

கோட்டும் பூட்ஸுமாக ஏறினேன். நூற்றெழுபது.

"முப்பது பவுண்டு அதிகம்."

"கோட்டைக் கழட்டிடறேன்."

"குளிர் உடுப்பு இல்லாம ஏத்த மாட்டேன். நடுவழியில இறங்க வேண்டி வந்தா செத்துருவீங்க."

"செத்தவரோடதானே போறேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மாக்சி என்னைத் தள்ளிக்கொண்டு போனான். "பெட்டி கனக்குதேக்கா. உள்ள என்ன வச்சே?"

"அவரோட ஸ்பானர் பெட்டி."

ஊரில் பாதிப் படகு மோட்டார்கள் அவர் கையால் ஓடுபவை. செத்தவரோடு அவர் பொருளை அனுப்புவது எங்கள் வழக்கம்.

"அதை எடுத்துட்டா நீ ஏறலாம். அப்புறமா அனுப்பறேன்."

"குழியை மூடினப்புறம் யாருக்குடா அனுப்புவே?"

"அப்ப அடுத்த விமானத்துல வா. மத்தியானம் கிளம்பும். வானம் தாங்கும்னு நினைக்கிறேன்."

விருந்துக்குப் போன வீட்டில்கூட அந்த மனுஷன் சும்மா உட்கார்ந்ததில்லை. எழுந்துபோய் அவர்கள் அடுப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். அவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"அவரு போகட்டும்" என்றேன்.

அவர் போனார். கானர் திரும்பி வந்து அடுத்த நடைக்குச் சாமான் ஏற்றி முடிப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது, ஓடுபாதையே தெரியவில்லை. மாக்சி காபி கொண்டுவந்து வைத்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிக் போன் செய்தான். "அண்ணன் வந்துட்டாரு அண்ணி. ஃபாதர் கிளம்பணுங்கறாரு. இருக்கச் சொல்லட்டுமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

அடுத்த ஊரில் இன்னொரு வீட்டிலும் ஒருத்தி பாதிரியாருக்காகக் காத்திருப்பாள். ஜன்னலைப் பார்த்தேன். ஒரே வெள்ளை.

"மூடிடுங்க" என்றேன்.

"போனை வச்சிடாதீங்க அண்ணி."

வைக்கவில்லை. பாட்டு கேட்டது. பிறகு மண் விழுவது கேட்டது, வெகுநேரம். காது சுட்டது. அப்போதும் அழவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாக்சி ஓடிவந்தான். "அக்கா, எழுந்திரு. தெளிஞ்சிடுச்சு. கானர் கிளம்பறான்."

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். ஓடுபாதை கடைசிவரை தெரிந்தது.

"இப்ப எதுக்குடா?" என்றேன்.

அவன் குனிந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினான். என்னால் எழ முடியவில்லை.