மூச்சு வாங்கியவன் சொன்ன பதில்

நான் உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே ஊரை ஜெயிக்கிறவன். பெயர் கன்னையா. புத்தூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுவது தொழில். காலையிலிருந்து சாயங்காலம் வரை பலகைக்கு முன்னால் சம்மணம். போக பஸ், வர பஸ். முப்பத்தெட்டு வயதிலேயே என் தொப்பை எனக்கு ஓரடி முன்னால் போய் எல்லோருக்கும் வணக்கம் சொல்லும்.

போன மாதம் நெஞ்சு படபடக்கிறதென்று சித்தூரில் ஒரு டாக்டரிடம் போனேன். குழாயை வைத்துக் கேட்டார். "உன் இதயத்துக்கு வியாதி எதுவும் இல்லய்யா. வேலை இல்ல. அதான் கோளாறு. தினம் ரெண்டு மைல் நட. இல்லன்னா அவசரத்துல காலும் ஓடாது, மூளையும் ஓடாது" என்றார். இதைச் சொல்ல இவ்வளவு படிக்க வேண்டுமா என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஆந்திர ராஜ்யம் உண்டாகி நாலு வருஷம் ஆகிவிட்டது. எல்லைத் தகராறு மட்டும் தீரவில்லை. புத்தூருக்கு ஆறு மைலில் இருக்கும் எங்கள் ஊரில் எல்லாம் தமிழ் வீடுகள். மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி மனுப் போட்டிருந்தோம். விசாரிக்க வந்த அதிகாரி, ஊருக்கு ஒருவர் நேரில் வந்து பேசலாம் என்று சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை, புத்தூர் டிராவலர்ஸ் பங்களா. பதினோரு மணிக்கு அவர் ஜீப் திருப்பதிக்குக் கிளம்பிவிடும்.

"பேச்சுல உன்னை அடிச்சிக்க ஆளு கிடையாது, நீயே போ" என்றார் ஊர்ப் பெரியவர் முனிரத்தினம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் பேச்சை உருப்போட்டேன். பள்ளிக்கூடத்தில் அறுபத்து மூன்று பிள்ளைகள், இரண்டு வருஷமாகத் தமிழ் வாத்தியார் இல்லை, பாட்டன் காலத்துப் பட்டாவெல்லாம் தமிழில் இருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் பஸ்ஸுக்காக நின்றேன். கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு செல்லியம்மா வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தினம் புத்தூர் வரை நடந்துபோய் விற்றுவிட்டு நடந்தே வருகிறவள்.

"இன்னா கன்னையா, நின்னுக்கினே கீற? வா, பேசிக்கினே நடந்தா ரெண்டு மணி நேரத்துல போயிறலாம்."

"நீ போ அக்கா. நான் பஸ்ல வந்து உனுக்கு முன்னாடி நிப்பேன்."

எட்டரை ஆயிற்று, பஸ் இல்லை. ஒன்பது ஆயிற்று, இல்லை. ரோட்டின் வளைவு வரை போய்ப் பார்ப்பேன், திரும்பி வருவேன், வேட்டியை அவிழ்த்துக் கட்டுவேன். ஒன்பதேகாலுக்கு ஒரு மாட்டு வண்டிக்காரன், பஸ் நாராயணவனத்துக்கு அந்தப் பக்கமே அச்சு முறிந்து கிடக்கிறது என்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

ஓடினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு பர்லாங்கு ஓடுவேன், இரண்டு பர்லாங்கு குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே நடப்பேன். நேரம் போகிறதே என்ற பயத்தில் மறுபடி ஓடுவேன். விலா குத்தியது. காதுக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். நடுவில் பேச்சைச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் அறுபத்து மூன்றா, முப்பத்தாறா என்று குழம்பியது. அத்தோடு சொல்லிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பங்களா வாசலில் செல்லியம்மா உட்கார்ந்து ஜீப் டிரைவருக்குக் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, மூஞ்செல்லாம் செவந்து கெடக்குதே! செத்த நேரம் உக்காந்துட்டுப் போ. தண்ணி குடி."

"நேரம் இல்ல அக்கா" என்றேன். அதுகூடப் பாதிதான் வெளியே வந்தது. மணி பதினொன்றுக்குப் பத்து. உள்ளே ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் அதிகாரி. வடக்கத்திக்காரர், தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தா. அதிகாரி இங்கிலீஷில் கேட்டதைக் குமாஸ்தா என்னிடம் தெலுங்கில் கேட்டார். "மீ இன்ட்லோ ஏ பாஷ மாட்லாடுதாரு?" உங்கள் வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள். அவ்வளவுதான் கேள்வி.

ரிஜிஸ்தர் ஆபீஸில் தினமும் குமாஸ்தாக்களுக்குக் கைகட்டிப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். யோசிக்க வேண்டிய தலையோ கிறுகிறுத்துக் கிடந்தது. நெஞ்சு தொண்டைக்கு ஏறி அடித்தது. வாய் தானாகவே திறந்தது.

"மா இன்ட்லோ அந்தரமூ அரவமே மாட்லாடுதாமண்டி."

எங்கள் வீட்டில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறோம் என்று, அட்சரம் பிசகாத தெலுங்கில் சொன்னேன்.

அதிகாரி குமாஸ்தாவிடம், இவர் இப்போது பேசியது என்ன பாஷை என்று கேட்டார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

"தெலுகு, சார்."

அதிகாரி குறித்துக்கொண்டார். இல்லை இல்லை என்று கத்த நினைத்தேன். மூச்சுதான் வந்தது. "வேறே ஏமைனா செப்பாலா?" என்றார் குமாஸ்தா. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவர் கேட்க, நான் பள்ளிக்கூடம் என்றேன், பிள்ளைகள் என்றேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். விரலை மடக்கினேன். எண் வரவே இல்லை. ஜீப் கிளம்பியது.

வேப்பமரத்தடியில் விழுந்த மாதிரி உட்கார்ந்தேன். செல்லியம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் நெஞ்சு அடங்கியது. அடங்கியதும் அந்தப் பாழாய்ப்போன பேச்சு வந்தது பாருங்கள்! அறுபத்து மூன்று பிள்ளைகள், வாத்தியார், பட்டா, ஒன்று விடாமல் வரிசையாக வந்தது. பூட்டிய பங்களாவைப் பார்த்து முழுவதையும் சொல்லி முடித்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"நல்லாத்தான் பேசற" என்றாள் செல்லியம்மா. "எயுந்துரு. ஊருல காத்துக்கினு இருப்பாங்க."

நடந்தே திரும்பினோம். அவள் காலிக் கூடையோடு நிதானமாக நடந்தாள். நான் பின்னால் போனேன். பொய் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் நினைத்தேன். பஸ் வரவில்லை, ஜீப் போய்விட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? செல்லியம்மாவைப் பார்த்தால் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்றுதான் தோன்றியது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஊரே கூடியிருந்தது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஓடினதையும் சொன்னேன், தெலுங்கில் பதில் வந்ததையும் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முனிரத்தினம் மட்டும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பதற்றத்தில் அவருக்கும் மூச்சு இரைத்தது.

"அய்யோ, இப்புடு ஏம் சேதாமுரா?" என்றார்.

இப்போது என்னடா செய்வது என்று அவர் கேட்டது தெலுங்கில். அதை அவரும் கவனிக்கவில்லை, கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் என் பதிலுக்காக என் வாயைப் பார்த்தார்கள். நெஞ்சு மறுபடி அடிக்க ஆரம்பித்தது. எந்தப் பாஷையில் வந்து விழுமோ என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவே இல்லை.