சென்னம்மாள் எலியைக் குளிப்பாட்டிய நாட்கள்

குந்தாரப்பள்ளியில் சென்னம்மாள் வீட்டுக்குள் 1951 ஆனி மாதத்திலிருந்து எந்தச் சத்தமும் எழவில்லை. குண்டான் உருண்டால் உருளுவது தெரியும், கேட்காது. கடுகு ஓசையில்லாமல் வெடித்தது. அவள் புருஷன் தீர்த்தகிரி மாட்டுத் தரகன். சந்தையின் இந்தக் கோடியில் அவன் பேசினால் அந்தக் கோடியில் மாடு திரும்பிப் பார்க்கும். அந்த ஆனியில் அவன் செத்த அன்று ஒப்பாரி வைத்த பெண்களின் வாய் மட்டும் அசைந்தது. வாசற்படிக்கு வெளியே எல்லாம் வழக்கம்போல் கேட்டது. ஊரார் சில நாள் வந்து பார்த்தார்கள். பேச முடியாத வீட்டில் எத்தனை நாள்தான் உட்காருவது? வருவது நின்றது. சென்னம்மாளுக்கும் வெளியே போய்ப் பேச ஆளில்லை.

1953 ஐப்பசி மழையில் ஓர் எலிக்குஞ்சு கூரையிலிருந்து ஆமணக்கெண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. தூக்கி எறியத்தான் எடுத்தாள், அது அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. பச்சைத் தண்ணீர் பட்டதும் வெடவெடத்தது. தண்ணீரைக் காய்ச்சி, மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து, அதன் வயிறு நனையும் அளவுக்கு மட்டும் தட்டில் ஊற்றினாள். பயத்தமாவு தேய்த்து, காதில் தண்ணீர் இறங்காமல் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, பழைய சேலைத்துணியில் சுற்றினாள். எலி தும்மியது. அந்தத் தும்மல் கேட்டது.

"ஐயோ, பாவம்" என்றாள். அதுவும் கேட்டது. எலியைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சத்தம் வந்திருந்தது. ரோமம் காய்ந்ததும் அடங்கிவிட்டது.

மறுநாளும் குளிப்பாட்டினாள். அதற்கடுத்த நாளும். எலியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துப் பேச்சையும் பேசித் தீர்த்தாள். மார்கழியில் எலியின் தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்தது, ரோமம் கொட்டியது, மூச்சு இழுத்தது. அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் காலையில் கை தானாக வெந்நீர் வைத்தது.

அந்த மாதம் பிளேக் ஊசி போடவும் எலி பிடிக்கவும் கிருஷ்ணகிரியிலிருந்து சுகாதார ஊழியர் ஜமீர் அகமது வந்தார். பெண்சாதியை இழந்தவர், தனிக்கட்டை. எலியைக் கொடுக்கச் சொல்லி வாசலில் நின்றார். சென்னம்மாள் முந்தானைக்குள் அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தெள்ளுப்பூச்சிதாம்மா நோவு கொண்டாருது. காட்டுங்க பாக்கலாம்" என்று வாங்கி, ரோமத்தைச் சீப்பால் விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒரு பூச்சி இல்லை. "சுத்தமாத்தான் வெச்சிருக்கீங்க. ஆனா தெனமும் நனைச்சா சளி கட்டிச் செத்துப்பூடும்."

"நனைக்காட்டி எனக்குப் பேச்சு இல்லீங்களே, பாய்."

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார், கேட்கவில்லை. வெளியே வந்து எலியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "மாசத்துக்கு ஒருவாட்டி போதும்மா. அன்னிக்கு நான் வந்து பூச்சி பாக்கறேன்" என்றார்.

சென்னம்மாள் அதற்குப்பின் அடுப்பைப் பார்க்காமல் காலையைக் கழிக்கப் பழகினாள். முப்பது நாள் வாயை மூடிக் கிடந்தாள். எலிக்கு ரோமம் திரும்பியது, இளைப்பு நின்றது. மாதம் ஒரு நாள் ஜமீர் அகமது வருவார். அவள் குளிப்பாட்டுவாள், அவர் வெயில்படும் இடமாகப் பார்த்துத் துணி விரிப்பார், காற்று வராமல் கதவைச் சாத்துவார். வாலைத் துடைத்து, நகத்தில் சிக்கிய நூலை எடுப்பார். ரோமம் காய்கிற வரைக்கும் இருவரும் எலிமேல் குனிந்து, தலை முட்டாத குறையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். விலைவாசி பேசினார்கள், மாம்பூ பேசினார்கள். செத்துப்போனவர்களைப் பற்றியும் பேசினார்கள்.

1956 பங்குனியில் எலி வயதாகிச் செத்தது. அடுத்த மாதமும் ஜமீர் அகமது வந்தார். ஒன்றும் கேட்காத வீட்டில் இருவரும் கடுங்காப்பி குடித்தார்கள். ஊரில் யாரும் அதைத் தப்பாகப் பேசவில்லை. அந்த வருடத்திலிருந்து சந்தைக்கு வரும் பெண்கள், இரைச்சலில் தூங்காமல் வீறிடும் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுப்போனார்கள். உள்ளே போனதும் குழந்தையின் அழுகை கேட்காது, சற்று நேரத்தில் குழந்தையும் அசந்துவிடும். அடுத்த வருடச் சித்திரைச் சந்தையன்று ஒரே நேரத்தில் பதினோரு குழந்தைகள் அங்கே தூங்கின.