கடைசி இரண்டு பெட்டிகள்

பேர்பெச்சுவாவுக்குத் தெரிந்த ஜெர்மன் ஒரு பிடிக்குள் அடங்கும். டெர்மின் என்றால் தவணை, அன்ட்ராக் என்றால் விண்ணப்பம், டாங்கே என்றால் நன்றி, லெட்ஸ்டன் என்றால் கடைசி, பிறகு ஒன்று முதல் பத்து வரை. இவற்றோடு இன்னொரு சொல்லும் தெரியும்: அப்ஷீபன். நாடு கடத்துவது. அகதி விடுதியில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘அது’ என்றுதான் சொல்வார்கள், சாத்தானின் பெயரைச் சொல்லக் கூசுவதைப் போல.

எண்பத்தாறாம் ஆண்டு, ஜெர்மனியில் ஹாகன் நகரத்து விடுதி. கடைசி அறையில் தாயும் மகளுமாக இரண்டே பேர். மகள் பிளோறன்சுக்கு வயது பதினைந்து. பெட்டைக்கு ரெயில் பைத்தியம். தெருவோரம் யாரோ கழித்துப் போட்ட சாமான்களுக்குள் ஒரு விளையாட்டு ரெயிலைக் கண்டெடுத்திருந்தாள். இஞ்சின் ஒன்று, பெட்டி ஐந்து, ஒரு கட்டுத் தண்டவாளம். பழைய பலகைக் கதவொன்றைக் கட்டிலின் மேல் போட்டு, அதில் ஓடவிடப் போகிறாளாம். அப்போ படுப்பது எங்கே என்று கேட்டால் தரையைக் காட்டுகிறாள்.

அன்று பின்னேரம் மார்க்குஸ் வந்திருந்தான். பட்டாளத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்லி, அதற்குப் பதிலாக விடுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிற இருபது வயதுப் பொடியன். அவன் வீட்டிலும் இப்படி ஒரு ரெயில் உண்டு. பிளோறன்ஸ் கீறி வைத்திருந்த படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். இரண்டு பாலம், மூன்று குகை, நாலு ஸ்டேஷன்!

“என்னவாமடி?” பேர்பெச்சுவா கேட்டாள். அவன் பேசும் ஜெர்மன் மகளுக்குத்தான் விளங்கும்.

“சாமான் கூடிப்போச்சாம் அம்மா. ஒரு வட்டமும், பக்கத்திலை ஒரு சின்னக் கிளைப்பாதையும் போதுமாம். கை எட்டாத இடத்திலை தண்டவாளம் போட்டா, ரெயில் விழேக்கை எடுக்க ஏலாதாம். ஆணி அடிக்க முதல் சும்மா வைச்சு ஓட்டிப் பாக்கட்டாம்.”

“இதைத்தானே நானும் சொன்னனான்! நான் சொன்னா வெறும் வாய், அவன் சொன்னா வேதவாக்கு.”

பேர்பெச்சுவா முணுமுணுத்துக்கொண்டே எதிரிலிருந்த பொதுக் குசினிக்குப் போய் அரிசி களைந்தாள். அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே இருவரும் பலகையில் தண்டவாளம் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மார்க்குஸின் குரல் தெளிவாகக் கேட்டது.

“லெட்ஸ்டன் ஸ்வை... அப்ஷீபன்.”

கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. கடைசி. இரண்டு. அது! கடைசி அறையில் இரண்டு பேர் வேறு யார்? அலுவலகத்துப் பொடியன் தெரியாமலா சொல்வான்? அதற்கு மகள் “யா, குட்” என்று சிரிக்கிறாளே! அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று நடிக்கிறாள், பாவம். புருசனைக் கடலில் பறிகொடுத்து, தாலிக்கொடியை விற்று வந்து சேர்ந்த இடம் இது. ஊருக்குத் திரும்பிப் போனால் பெட்டையை ஆமிக்காரன் கண்ணில் படாமல் எங்கே ஒளித்து வைப்பது?

பாரிசில் தம்பி யாகோப்பு இருக்கிறான். சொல்லாமல் கொள்ளாமல் அங்கே ஓடினால் இங்குள்ள அகதிக் கேஸ் அதோடு சரி, பிறகு இந்த வாசலை மிதிக்க முடியாது. அது தெரிந்தும் முடிவெடுத்துவிட்டாள். முதலில் கைக்கு அகப்பட்டது மிளகாய்த்தூள் அடைத்த தகரப் பேணி. பாரிசில் தூள் கிடையாதா என்ன? பயந்த மனுசர் எதைத்தான் யோசித்து எடுக்கிறார்கள்!

அறைக்குள் பாய்ந்து, கட்டிலுக்குக் கீழிருந்த பையை இழுத்துப் பேணியை உள்ளே திணித்தாள். பலகை ஆடி, இஞ்சின் சரிந்தது.

“ஐயோ அம்மா, ரெயில்!”

“ரெயிலும் மண்ணாங்கட்டியும்! சப்பாத்தைப் போடு. யாகோப்பு மாமாவிட்டைப் போறம்.”

“இப்பவோ? ஏன்?”

“எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ? எங்கள் ரெண்டு பேரையும் அப்ஷீபன் எண்டு இவன் சொன்னதை இந்தக் காதாலை கேட்டனான்!”

அவள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மார்க்குஸின் முகம் வெளிறிப்போயிற்று. பிளோறன்ஸ் திருதிருவென்று விழித்தாள். பிறகு கடைசி இரண்டு பெட்டிகளையும் கழற்றி, விரலால் மெதுவாகத் தள்ளிக் கிளைப்பாதையில் விட்டாள்.

“இதுகளை அம்மா. இந்த இஞ்சினாலை அஞ்சு பெட்டி இழுக்க ஏலாது. கடைசி ரெண்டையும் ஒரு பக்கமாத் தள்ளி விடட்டாம். அதுக்கும் அந்தச் சொல்தான்.”

“எங்களை இல்லையோ?”

“எங்களை இல்லை.”

“அவனைச் சொல்லச் சொல்லு.”

மார்க்குஸ் இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினான். “நைன், நைன், நைன்!” இல்லவே இல்லையாம்.

அப்பாடா! பேர்பெச்சுவா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“அறுவானே, தள்ளுறதுக்கு உங்கடை பாஷையிலை வேறை சொல்லே கிடைக்கேல்லையோ?” என்று தமிழிலேயே திட்டினாள். அவன் பயபக்தியோடு தலையாட்டினான். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் அவனுக்கும் சேர்த்து இன்னொரு பிடி அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாள்.

சோறு வேகும்வரை ரெயிலை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று பெட்டிகளோடு இஞ்சின் அழகாக வட்டமடித்தது. மார்க்குஸ் கிளைப்பாதையின் முனையைக் காட்டி ஏதோ சொன்னான்.

“அதிலை ஒரு தடுப்பு வேணுமாம் அம்மா. இல்லாட்டி இதுகள் ரெண்டும் பலகையை விட்டு விழுந்திடுமாம். நாளைக்கு ஒரு கட்டை கொண்டு வாறானாம்.”

“நாளை வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறதோ?”

பேர்பெச்சுவா பைக்குள் கையை விட்டுத் தூள் பேணியை எடுத்தாள். பாதை முடிகிற இடத்தில் நங்கென்று வைத்தாள்.

“இனித் தள்ளு பாப்பம்.”

பிளோறன்ஸ் தள்ளினாள். பெட்டிகள் இரண்டும் போய்ப் பேணியில் முட்டின, நின்றன. பேர்பெச்சுவா வெறும் பையை மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுச் சோற்றைப் பார்க்கப் போனாள்.