தப்பே போடாத பிள்ளை

எண்பத்தாறில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஜீப்பிலிருந்து பெட்டியை இறக்கினது நான்தான். கொண்டுவந்தவர் திருப்பதியிலிருந்து வந்த யசோதா மேடம். பிள்ளைகளுக்குப் பாடம் எப்படி மண்டையில் ஏறுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். ஆறு வாரம் கம்ப்யூட்டரில் பின்னக் கணக்கு, கடைசியில் தாளில் பரீட்சை. முதலில் வரும் இரண்டு பேருக்குத் திருப்பதி ஹாஸ்டலில் இடம். கிடைக்காவிட்டால் என் மகள் தபீதாள் ஏழாவதோடு நின்று, என்னோடு கல் குவாரிக்கு வரவேண்டியதுதான்.

நான் முப்பத்தெட்டு வயதில் ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் எழுத்து படித்தவன். ஒரு எழுத்து தப்பினால் போதும், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"தப்பு மட்டும் போட்டுடாத பாப்பா, மானம் போய்டும்."

"தப்பு போட்டா அது திட்டாது நைனா. படம் போட்டு சொல்லிக் குடுக்குதாம்."

"மிஷினுகிட்ட நீ இன்னா கத்துக்கிறது? சர்ச்சுல வசனம் ஒப்பிக்கிறியே, அந்த மாதிரி படி."

வசனம் ஒப்பிப்பதில் வருஷா வருஷம் அவளுக்குத்தான் பரிசு. கம்ப்யூட்டர் எல்லாருக்கும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டது. தனக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த பிள்ளைகளிடம் சரியான விடைகளை எழுதி வாங்கி வருவாள். சாயங்காலம் நான் தாளைப் பிடித்துக்கொள்வேன், அவள் கடகடவென்று ஒப்பிப்பாள். ஆறு வாரமும் ஒரு தப்பு இல்லை. மற்ற பிள்ளைகள் தப்புப் போட்டுவிட்டு, திரையில் ரொட்டிப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மக்குங்க" என்று சிரித்தேன்.

பரீட்சையில் எண்கள் வேறு. தபீதாள் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "தப்பு போட்டாதான்யா விளக்குற பாடமே வரும். பிள்ளைங்க தப்புலதான் கத்துக்குதுன்னு அப்படி செஞ்சோம். இவ அத ஒரு தடவகூட பாக்கல."

"இப்ப காட்டுங்கம்மா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"ஹாஸ்டல் லிஸ்ட் போயிடுச்சிய்யா."

பெட்டியை ஜீப்பில் ஏற்றினதும் நான்தான்.

திங்கட்கிழமை குவாரியில் மேஸ்திரி கங்கையா அவளிடம் கூடையைக் கொடுத்தான். "சின்னப் பொண்ணு, முக்கா கூடை ஜல்லி போட்டா போதும்."

அவள் மண்வெட்டியைத் தொடவில்லை. கூடைக்குள் முக்கால் எதுவரை என்று தேடிவிட்டு, என் முகத்தையே பார்த்தாள்.

"தப்பா போட்டுட்டா இன்னா பண்ணுவாரு நைனா?"