வாங்குகிறவனைப் பார்க்கிற முகங்கள்

"பெட்டியில என் பேரு வரணும் சார்."

முதலாளி சௌந்தரராஜன் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். அது பாதியில் ஒடிந்து டம்ளருக்குள் விழுந்தது. அவர் சுவேதாவைப் பார்க்கவில்லை, டம்ளருக்குள்தான் பார்த்தார். பக்கத்தில் நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்திருந்த அவருடைய மகன் சந்தோஷ் போனைக் கவிழ்த்து வைத்தான். மாதிரி காட்டும் அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்ததால் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது.

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்காதே என்று அப்பா சொல்லி அனுப்பியதைத்தான் அவள் கேட்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் வைத்து அப்பா கிருஷ்ணப்பன் சொன்னது: "சம்பளம் பத்தலன்னா கேளு. லீவு கேளு. ஒடம்புக்கு முடியலன்னா சொல்லு. நான்தான் செஞ்சன், எம்பேரப் போடுன்னு மட்டும் எவங்கிட்டயும் கேக்காத பாப்பா." அவருக்குக் காரணம் இருந்தது. மலையடிவாரத்தில் அவர்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்கு உபயக் கல் பதித்தபோது, கட்டினவன் பேரையும் ஓரமாகப் போடலாமே என்று அதைக் கட்டிய அவருடைய அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு ஒரு குழி வெட்டக்கூட அந்த அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. கிருஷ்ணப்பன் ஓசூருக்கு வந்து, இதே கம்பெனியில் லோடு ஏற்றுகிற கான்ட்ராக்ட் ஆளாகி, முதலாளி கார் ஏறுகிற நேரம் பார்த்து நான்கு நாள் நின்று மகளுக்கு இந்த வேலையை வாங்கியிருந்தார்.

மேசையில் இரண்டு சீட்டுக்கட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எழுபத்தெட்டுச் சீட்டு. டாரட் என்று பெயர். "வெள்ளக்காரன் கிளி ஜோசியம், கிளிதான் இல்ல" என்று மெஷின் ஓட்டுகிற திம்மப்பன் முதல் நாளே விளக்கம் கொடுத்துவிட்டார். மாத்திரைப் பெட்டியும் ஊதுபத்திப் பெட்டியும் சோப்புப் பெட்டியும் அடிக்கிற இடத்துக்கு இந்த வேலையைக் கொண்டுவந்தவர் தானிஷ், பெங்களூர் ஏற்றுமதி வியாபாரி. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் மரக்கட்டையில் செதுக்கி அடித்த ஒரு கட்டின் ஸ்கேன்களை அவர் கொடுத்திருந்தார். ஒரு கட்டு அதை அப்படியே அச்சடித்தது: கறை, மடிப்பு, கோட்டைத் தாண்டி வழிந்த சிவப்பு எல்லாம் உள்பட. இன்னொன்று அதே படங்களைப் புதிதாக, சுத்தமாக வரைந்தது. இரண்டில் எது பிடிக்கிறதோ அதற்குத்தான் ஆர்டர். இன்று பதினொரு மணிக்கு அவர் வந்து பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது.

புதியதை வரைந்தவள் சுவேதா. ஏழு மாதம். பழைய கோடுகளைத் திரையில் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, மை உடைந்த இடத்தில் விரலா, கம்பா, துணி மடிப்பா என்று ஒவ்வொன்றாக முடிவெடுத்து வரைந்தாள். செதுக்கினவனின் கத்தி எங்கே வழுக்கியது, எந்தச் சீட்டை அலுத்துப்போய் முடித்தான் என்பதுகூட அவளுக்குத் தெரியும். கண்ணை மூடினால் இமைக்குள் கோடு ஓடியது. இன்று காலை, கட்டை வைத்து விற்கும் பெட்டியின் மாதிரி வெட்டி வந்தது. பின்பக்கம் கீழே, 'மறுவரைவு: சந்தோஷ் சௌந்தரராஜன்' என்று இருந்தது.

"இங்க பாருங்க சார்." பழைய கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி அவர் முன்னால் வைத்தாள். மேலும் கீழும் இரண்டு பெரிய காசு. நடுவில் நெளிகிற ரிப்பன். ரிப்பனுக்குள் கோணல் எழுத்தில் ஒரு பெயர். "இதச் செஞ்சவன் பேரு. அந்தக் காலத்துலயே போட்டிருக்கான். நம்ம கட்டுல அந்த எடத்துல கம்பெனி பேரு போட்டாச்சு, சரி. பின்னாடி சந்தோஷ் சார் பேரு எதுக்கு? அவரு ஒரு கோடு போட்டாரா?"

"கோடு நீதான் போட்ட, யாரு இல்லன்னா?" என்றான் சந்தோஷ். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. "ஐடியா, டைரக்‌ஷன்லாம் இருக்குல்ல. உள்ள ஒரு தேங்க்ஸ் போட்டுக்கலாம் விடு. டீம்னு."

"பதிமூணாம் நம்பர் சாவுச் சீட்டுக்குப் பழசுல பேரே கெடையாது. எடம் காலியா இருந்தா அச்சுப் பிழைன்னு செக்கிங்ல தள்ளிடுவாங்கன்னு அதுக்கும் பேரு எழுத வச்சீங்க. சாவுக்கு வேணும், எனக்கு வேணாமா?"

சௌந்தரராஜன் ஸ்பூனால் பிஸ்கட்டைத் துழாவி எடுத்துத் தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, முதல் பட்டதாரின்னு ஒரு சர்டிபிகேட் கொண்டாந்து காட்டினியே, அதுல உம்பேரு இருக்குல்ல? பத்தலயா?" என்றார். பிறகு மகனிடம், "டிஸ்பேட்ச்ல கிருஷ்ணப்பன் இருப்பான், வரச் சொல்லு."

கிருஷ்ணப்பன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். எல்லாரும் ஷூவோடு போகிற அறை அது. யாரும் கழற்றச் சொன்னதில்லை. புருவத்தில் அட்டைத்தூசி படிந்திருந்தது. மகள் நிற்பதைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பயப்படாத கிருஷ்ணப்பா. நல்ல விசயந்தான்" என்றார் சௌந்தரராஜன். குரலில் சர்க்கரை போட்டிருந்தது. "உம் பொண்ணு படம் வரையுது, தெரியும்ல?"

"சொல்லுச்சுங்க மொதலாளி."

"இந்தா, ரெண்டு கட்டு இருக்கு. இதுல உம் பொண்ணு வரைஞ்சது எது? காட்டு பாப்பம்."

கிருஷ்ணப்பன் குனிந்தார். தொடவில்லை. ஒரு பக்கம் நீலமும் தங்கமுமாக, கோடு பிசகாமல், ராஜாக்களும் ராணிகளும் கடை பொம்மை மாதிரி பளபளவென்று இருந்தார்கள். இன்னொரு பக்கம் மூக்கு கோணலாக, ஒரு கண் பெரிதாக ஒரு கண் சின்னதாக, சட்டைச் சிவப்பு கழுத்துவரை வழிந்து, ஆட்கள் குளித்துப் பல நாளானவர்கள் போல இருந்தார்கள். சுவேதா கண்ணைக் காட்டியிருக்கலாம். ஒரு சின்ன அசைவு போதும். காட்டவில்லை. அவருக்குத் தானாகத் தெரிய வேண்டும் என்று ஒரு வெறி. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டியிருக்கிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொன்னவர்தான்.

கிருஷ்ணப்பனின் விரல் புதிய கட்டின் மேலே ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்து பழையதைக் காட்டியது.

"இதுங்க." அவரே சமாதானமும் சொன்னார். "சின்னப் பொண்ணுதானுங்க. போகப் போகக் கை படிஞ்சிரும்."

சந்தோஷ் வாயைப் பொத்திக்கொண்டான். சௌந்தரராஜன் மறைக்கவில்லை, இருமல் வரும்வரை சிரித்தார். "யோவ், அது பிரெஞ்சுக்காரன் அடிச்சது. முந்நூறு வருசம் ஆச்சுய்யா!" என்று மேசையைத் தட்டினார். கிருஷ்ணப்பன் மகளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பிறகு அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் சுவேதா முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்குப் போய் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் கட்டு யார் பெயரோடும் இந்த அறையைத் தாண்டக்கூடாது.

"நின்னு பாத்துட்டுப் போ கிருஷ்ணப்பா" என்று சௌந்தரராஜன் அவரைக் கதவோரம் நிறுத்தினார். சுவேதாவையும் போகச் சொல்லவில்லை. எழுபத்தெட்டையும் வரிசை தப்பாமல் எடுத்து வைக்க அவளைத் தவிர அங்கே ஆளில்லை.

தானிஷ் பதினொன்றே காலுக்கு வந்தார். கத்தரித்த தாடி, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. பழைய கட்டை விசிறிப் பார்த்துத் தலையாட்டினார். புதியதைத் தொட்டதும் முகம் மலர்ந்தது. "அரே, என்னா நீட்டா வந்திருக்கு! யாரு கை இது?"

"நம்ம பையன்தான் சார்" என்றார் சௌந்தரராஜன். சந்தோஷ் அடக்கமாகச் சிரித்தான். தானிஷ் அவனுக்குக் கை கொடுத்தார். இதையே எடுத்துக்கலாம், அஞ்சாயிரம் கட்டு அடிக்கலாம் என்றார். பேனாவை எடுத்தவர், வியாபாரிகளுக்கு இருக்கிற பழக்கத்தில், கடைசியாக, சீட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்த சுவேதாவிடமும் கேட்டார். "நீ சொல்லும்மா. சும்மா ஒரு கட்டு எடுத்துக்கன்னா நீ எத எடுப்ப?"

"பழசுதாங்க."

சௌந்தரராஜன் தொண்டையைச் செருமினார். சுவேதா அதற்குள் பழைய கட்டிலிருந்து மூன்று சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள். "பாருங்க. இந்த ராணி அந்தப் பக்கம் பாக்கறா. அங்க எந்தச் சீட்டு விழுதோ அதத்தான் அவ பாக்கறான்னு அர்த்தம். இந்தத் துறவி திரும்பிப் பின்னாடி பாக்கறாரு. அப்ப முடிஞ்சுபோன விசயம். சீட்டு பாக்கறவங்க கண்ணத்தான் மொதல்ல பாப்பாங்க. இப்ப நம்மளுது." அதே மூன்றையும் புதியதிலிருந்து கீழே வைத்தாள். "மூணு பேரும் யாரப் பாக்கறாங்க? உங்களத்தான். போலீஸ் ஸ்டேஷன்ல மாட்டின போட்டோ மாதிரி."

தானிஷ் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

முகங்களை நேராகத் திருப்பியது சௌந்தரராஜனின் உத்தரவு. இரண்டாவது மாதம், அதுவரை வரைந்ததைப் பார்த்துவிட்டு, "சோப்புப் பெட்டியில கொழந்த எங்க பாக்குது? வாங்கறவனப் பாக்குது. செவுத்தப் பாத்தா எவன் வாங்குவான்? அத்தன மூஞ்சியையும் திருப்பு" என்று சொன்னார். முப்பது வருஷம் பெட்டி அடித்துச் சம்பாதித்தவரின் பாடம் அது, பெட்டிக்குச் சரிதான். இது வேறு என்று அவள் படித்துப் பார்த்துச் சொன்னபோது, "அப்பா சொன்னா முடிஞ்சுது" என்றான் சந்தோஷ். அவள் திருப்பினாள். பக்கவாட்டு முகத்தில் இல்லாத இன்னொரு கண்ணை, இன்னொரு கன்னத்தை அவளே கற்பனை செய்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். செய்கிற வேலை தப்பு என்பதும் அவளுக்குத் தெரியும், தன் வாழ்நாளில் வரைந்ததிலேயே நல்ல கண்கள் அவைதான் என்பதும் தெரியும். இப்போது அவற்றைத்தான் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாக்கு தடுமாறவில்லை.

தானிஷ் வேகமாகப் புரட்டினார். "எல்லாமே இப்படியா?"

"ஆளு இருக்கற அத்தனையும்."

"சௌந்தர் பாய், எங்கிட்ட வாங்கறவன் பாரிஸ்ல இருபது வருசமா சீட்டு பாக்கறவன். இத அனுப்பினா என் மூஞ்சில விட்டெறிவான். எந்தப் பைத்தியம் திருப்பச் சொன்னது?"

மெஷின் சத்தம் தரையில் ஓடியது. சௌந்தரராஜன் சுவேதாவை நோக்கிக் கையை நீட்டினார்.

"இவதான் சார் வரைஞ்சா. சுவேதா. அதோ நிக்கறானே, கிருஷ்ணப்பன், அவன் மக. பூரா இவ கைதான். சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சு. பையன் பேரு சும்மா பெட்டிக்குப் போட்டது." சொல்லும்போது அவர் கண் இமைக்கவில்லை. சந்தோஷ் தன் அப்பாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்தினான்.

காலையில் அவள் கேட்டது அதுதான். அவள் பெயர், அப்பா பெயரோடு, முழுசாக, வெளி ஆள் முன்னால் சொல்லப்பட்டுவிட்டது.

தானிஷ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. "நீயா? கை பிரமாதமா இருக்கும்மா. நாலு மாசம் தரன். மொகத்த மட்டும் பழையபடி திருப்பிக் குடு. பெட்டியில உன் பேரு வரும், என் பொறுப்பு."

"தாராளமா போடலாம் சார்" என்றார் சௌந்தரராஜன் உடனே. பிறகு கதவுப் பக்கம் திரும்பி, மெதுவாக, "கிருஷ்ணப்பா, உன் கான்ட்ராக்ட் மாசக் கடைசியோட முடியுதுல்ல? பொண்ணுக்குக் கொஞ்சம் சொல்லு."

கிருஷ்ணப்பன் ஒரு அடி முன்னால் வந்தார். "ஒத்துக்க பாப்பா. நீ கேட்டதத்தான குடுக்கறாங்க."

சுவேதா புதிய கட்டை அடுக்கி, ஓரம் தட்டிச் சமமாக்கி அவர் முன்னால் நீட்டினாள். "இப்பத் தெரியுதாப்பா, நான் வரைஞ்சது எதுன்னு?"

அவர் உதடு அசைந்தது. "தெரியுதும்மா."

"அவங்க சொன்னதால தெரியுது."

இதைவிட மோசமாக அவரிடம் எதையும் அவள் சொன்னதில்லை. சொல்லும்போதே தெரிந்தது, சொல்லி முடித்த பிறகும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கட்டை மேசையில் வைத்தாள். தானிஷிடம், "பழசையே அடிங்க. நான் வரைய மாட்டன்" என்றாள்.

"ஏய், எங்க போற?" என்ற சௌந்தரராஜனின் குரலைக் கதவு பாதியில் வெட்டியது. வெளியே ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காத இரைச்சல். திம்மப்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்தபடி புருவத்தை உயர்த்தி என்ன என்று கேட்டார். அவள் தன் மேசைக்குப் போய் டிபன் பையை எடுத்தாள், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி விசைப்பலகை மேல் போட்டாள், நடந்தாள். பின்னால் கிருஷ்ணப்பன் அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவருவது ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது. "பாப்பா" என்று கூப்பிட்டிருப்பார். கேட்கவில்லை. மாத வாடகையும், அம்மாவின் முகமும், மாசக் கடைசி என்ற வார்த்தையும் எல்லாம் அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்தன. அவள் ஒன்றையும் மறக்கவில்லை, நிற்கவும் இல்லை.

கேட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுத்து உள்ளே வந்துகொண்டிருந்தது. லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. காவலாளி இரண்டு கையையும் விரித்து, "இரும்மா, இரு, வண்டி வருது!" என்று கத்தினான். வண்டி வந்துகொண்டேதான் இருந்தது. சுவேதா பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, உடம்பைச் சுவரோடு ஒட்டித் திருப்பிக்கொண்டு, அந்த இடுக்குக்குள் காலை வைத்தாள்.