குரலை மாற்றவில்லை

மருமகள் மத்தியானமே வீடு திரும்பியதைப் பார்த்ததும் மாமியார் வாசலுக்கே எழுந்து வந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு அத்தை. வேலைதான் போச்சு. உங்க பொண்ணு எங்கே?"

அந்தப் பொண்ணு, அதாவது நாத்தனார், கல்லூரியில் பெண் தொழிலாளர் உரிமை பற்றி ஆய்வு செய்கிறவள். "சொல்லுங்க அண்ணி, உங்க பேரே வெளியே வராது" என்று தேன் ஒழுகப் பேசி, பின்னாலேயே சுற்றினாள். இவளும் நம்பிக் கொட்டித் தீர்த்தாள். தையல் ஆலையில் கழிப்பறைச் சாவி சூப்பர்வைசரிடம் இருப்பதை, போகணும் என்றால் "இப்பத்தானே போனே?" என்று நாலு பேர் நடுவில் அவன் இளிப்பதை, அதற்குப் பயந்தே பெண்கள் தண்ணீர் குடிக்காமல் தைப்பதை எல்லாம் சொன்னாள். புருஷனிடம்கூட வாய் திறக்காத சங்கதி.

பேர் வெளியே வரவில்லைதான். குரல் வந்துவிட்டது. கருத்தரங்கில் நாத்தனார் அந்தப் பதிவை அப்படியே ஓடவிட்டாள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக அதே ஆலையின் மேனேஜர். பக்கத்திலேயே அந்தச் சூப்பர்வைசர். தினமும் கேட்கிற கரகரத்த குரல் அவனுக்கா தெரியாது?

நாத்தனார் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"அவங்க வருவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. குரலை மாத்தினா உயிரே போயிடும்னு பேராசிரியர் சொன்னார். கேட்டவங்க எல்லாம் கண் கலங்கிட்டாங்க. எனக்குத்தான் முதல் பரிசு."

"உன்னைப் படிக்க வைக்கணும்னு இந்த வீட்ல சண்டை போட்டவளே நான்தான். உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

சாயங்காலம் வந்த புருஷன் தங்கையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கழிப்பறைக் கதையெல்லாம் ஊருக்குச் சொல்வாங்களா? நாளைக்குப் போய் மன்னிப்புக் கேளு" என்றான். மாமியாரும் தலையாட்டினாள்.

நாத்தனார் தயங்கித் தயங்கி ஃபோனை நீட்டினாள். "அண்ணி, வேலை போனதையும் சொன்னீங்கன்னா கடைசி அத்தியாயம் நல்லா வரும்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சலில் வருகிற சிரிப்பு.

"சரி, பதிவு பண்ணு. சூப்பர்வைசர் அயோக்கியன்னு எனக்கு முன்னாடியே தெரியும். என்னைக் காட்டிக் கொடுத்தது என் நாத்தனார். மன்னிப்புக் கேளுன்னு சொன்னது என் புருஷன். நான் கேக்க மாட்டேன். நாளைக்கு ஆலை வாசல்ல நின்னு, உள்ளே போற ஒவ்வொருத்திகிட்டயும் இதைச் சொல்லத்தான் போறேன்."

நாத்தனார் அண்ணன் முகத்தைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"குடும்ப விஷயமெல்லாம் ஆய்வுல வராது அண்ணி" என்று சொல்லிப் பதிவை அழித்தாள்.