விசாரிக்க வந்தவர்கள்

மனைவி ரஞ்சனிக்குச் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த கௌதம்ராஜ் வாசலில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். உள்ளே பேச்சு நின்றது. நேற்றிலிருந்து அவன் தலை தெரிந்தாலே அப்படித்தான் நிற்கிறது.

மைத்துனன் பாண்டிதுரை நிலைக்கதவில் சாய்ந்தான். “மச்சான், ஒண்ணு கேக்கணும். அக்கா மதுரை ஆஸ்பத்திரில கெடந்தப்ப ரெண்டு பொம்பளைக வந்து தெருவுல உங்களப் பத்தி விசாரிச்சிருக்காக. யாரு அவிய?”

கௌதம் ஈரத் துண்டைப் பிழிந்தான்.

“குடிப்பாரா, கை நீட்டுவாரா, சொந்த வீடான்னு. பொண்ணு குடுக்கிறவகதான் இப்பிடிக் கேப்பாக.”

“ஏலே, சும்மா இரு,” என்றாள் மாமியார் பெத்தம்மாள். ஆனால் அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த மூன்று நாளில் தன் முகத்தை அவள் பார்த்துப் பேசவில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

யாரென்று அவனுக்குத் தெரியும். ஆதரவில்லாத பிள்ளை ஒன்றைச் சில வருடம் வீட்டில் வைத்து வளர்க்க ரஞ்சனியும் அவனும் மனுப் போட்டிருந்தார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து சொல்லாமல் வந்து அக்கம்பக்கம் விசாரிப்பார்கள். ஒப்புதல் வரும்வரை அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்றது ரஞ்சனிதான். “என்ன சாதிப் பிள்ளைன்னுதான் மொதல்ல கேக்கும்.” வாங்கிப் போட்டிருந்த சின்னக் கட்டிலில் இப்போது துக்கத்துக்கு வந்தவர்களின் பைகள் கிடந்தன.

பக்கத்து வீட்டு அங்காளம்மாள் காபித் தூக்கோடு வந்தாள். பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும்.

“என்கிட்டதான் மதினி கேட்டாளுக. விடுவேனா? ரஞ்சனி அங்க உசுருக்குக் கெடக்கா, இவளுக மாப்பிள பாக்க வந்துட்டாளுக. மகா குடிகாரன், பொண்டாட்டிய அடிச்சே ஆஸ்பத்திரில போட்டுட்டான்னு சொல்லிட்டேன். ஒரே ஓட்டம்!”

கௌதம் திரும்பினான். “எழுதிக்கிட்டாகளா?”

“எம்பேரு மொதக்கொண்டு கேட்டு எழுதிக்கிட்டாளுக.”

அவன் உள்ளே போய் பீரோவைத் திறந்து மனுவின் நகலை எடுத்து வந்து மாமியாரிடம் நீட்டினான். பாண்டிதுரை எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினான். பாதியில் குரல் இறங்கியது. அங்காளம்மாள் தூக்கை வைத்துவிட்டு வெளியேறினாள்.

பெத்தம்மாள் மகளின் கையெழுத்தை விரலால் தடவினாள்.

“என்ன...” என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, “எத்தன வயசுப் பிள்ள மாப்ள?”

“ஏழு, எட்டு. பொம்பளப் பிள்ளதான் வேணும்னு சொன்னா ரஞ்சனி. தனி ஆம்பளைக்குப் பையனத்தான் தருவாங்க. இனிமே அதுவும்...”

பெத்தம்மாள் எழுந்தாள். செருப்புப் போடாமல் தெருவில் இறங்கினாள். கருமாதி முடியும்வரை துக்க வீட்டார் அடுத்தவர் படி ஏறக் கூடாது. அங்காளம்மாள் வீட்டுப் படிக்கு ஓரடி தள்ளி நின்றாள்.

“ஏட்டி அங்காளம்மா, சேலைய மாத்திட்டு வா. அந்த ஆபீஸ் வரைக்கும் போகணும். சொன்னது பொய்யின்னு நீயே வந்து சொல்லு.”

பெத்தம்மாள் நகரவில்லை. சிமெண்ட் ரோட்டுச் சூட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, காகிதம் கசங்காமல் பிடித்தபடி நின்றிருந்தாள்.